மூன்று நாற்பது

தலையில் பதினாறு ஒயர்,
கண்ணோரம் இரண்டு, தாடையில் ஒன்று.
பேர்ண் ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியில்
கனவு காண எனக்கு இரவுக்கு நூற்றிருபது பிராங்.
பகலில் கார்களுக்குப் பெயின்ட் கலக்கிற காசைவிட
சுத்தமான காசு. நகத்தில் ஒட்டாது.

மூன்று நாற்பதுக்குச் சுவரிலிருந்து ரெகூலாவின் குரல்:
"எழுப்புவதற்கு முன் என்ன தெரிந்தது?"

கார், என்றேன். கதவு நெளிந்திருந்தது.
உள்ளே இருந்து யாரோ கண்ணாடியை இறக்கி
நனைந்த துவாய் ஒன்றை நீட்டினார்கள்.

"காருக்கு நிறம் இருந்ததா?"

சிவப்பு.

சொன்ன பிறகுதான் சந்தேகம்.
கேட்கும்வரை அது சிவப்பாய் இருந்ததா,
இல்லை, கதவு தட்டிய பிறகு
ஓடிப்போய் விளக்கேற்றுகிற வீட்டுக்காரி மாதிரி
நாக்குத்தான் அவசரமாய்ப் பூசிவிட்டதா?

துவாய்க்கு என்ன நிறம் என்று அவள் கேட்கவில்லை.
துவாய்க்கு இன்றுவரை நிறமில்லை.
வெள்ளையுமில்லை, சாம்பலுமில்லை.
நனைந்திருந்தது,
அவ்வளவுதான்.

நிறம் தெரியாதவளா நான்?
கராஜில் பதினேழு வெள்ளை வைத்திருக்கிறேன்.
பெஸ்னிக் பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு வருவான்,
நான் கிராமில் பத்திலொன்றாய் நிறுத்துக் கலப்பேன்.
குழல்விளக்கில் அண்ணன் தம்பியாய் நின்ற இரண்டு சாம்பல்
வெயிலுக்கு வந்ததும் முகம் திருப்பிக்கொள்ளும்.
"இது என் காரில்லை" என்றார் ஒரு பல்வைத்தியர்,
அழப்போகிறவர் போல.
எந்த வெளிச்சத்தில் பார்த்தது உங்கள் கார் என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.
மறுபடி கலந்தேன்.

ஒயர்களைப் பிடுங்கும்போது, முடியெல்லாம் பசையாய் இருக்க,
ரெகூலா என் காதுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை ஆட்டினாள்.
"நேரே பார். என்ன நிறம்?"
கறுப்பு.
கொஞ்சம் முன்னே கொண்டுவந்தாள். நீலம்.
மூக்குக்கு நேரே வந்தபோது அது பச்சை,
வெட்கமேயில்லாத பச்சை.
"முழித்திருக்கும்போதும் இதே கதைதான்,"
கொட்டாவிக்கு நடுவில் சொன்னாள்.

படிவத்தில் மூன்று கட்டம்:
நிறம் உண்டு. இல்லை. தெரியாது.
நான்காவது ஒன்று கேட்டேன்.
எங்கள் மொழியில், என்று தொடங்கி,
எப்படி என்பதை எவ்வண்ணம் என்றும் கேட்கலாம்,
பழைய பாட்டுகளில் நிறம் என்றால் மார்பும்தான்,
வேல் வந்து தைக்கிற இடம் என்று
என் ஜேர்மன் தாங்கிய மட்டும் சொன்னேன்.
'குறிப்புகள்' என்ற இடத்தில்
ஏதோ சின்னதாய் எழுதினாள்.

ஐந்தரைக்குப் பாலத்தில் நின்றேன்.
கீழே ஆரே, வெறும் சத்தமாய்.
பகலில் அதைப் பச்சை என்று நானும்
நீலம் என்று பெஸ்னிக்கும் சண்டை பிடிப்போம்.
இந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் தோல்வி.

எதிர் ஜன்னல்களில் ஜெரேனியம்,
கரி மாதிரிக் கறுத்து.
அது சிவக்கிற கணத்தைப் பிடித்துவிட வேண்டும்,
இமைக்காமல்.
முதலில் வந்தது குப்பைப் பைகளின் நீலம்.
பிறகு கல்லுக்கு ஒரு மங்கல் பச்சை.
பூக்கள் அசையவில்லை.
டிராம் ஒன்று முதுகுக்குப் பின்னால் போனது.
பார்க்காமலே தெரியும், சிவப்பு.
தெரிந்ததனால் திரும்பிப் பார்த்தேன்,
அரை நிமிஷம் இருக்காது.

மீண்டும் பார்த்தபோது ஜன்னல்கள் முழுக்கச் சிவப்பு,
இரவெல்லாம் அப்படியே இருந்ததுபோல்
ஒரு பாவனை.

வீட்டில் தலைப்பசையைக் கழுவினேன்.
கண்ணில் சோப்பு, கை துவாயைத் தேடியது.
இரவுவேலை முடிந்து வந்த நகுலேஸ்
எனக்கு முன்னே குளித்திருக்கிறார்:
நனைந்திருந்தது.

கண்ணைத் திறக்காமல்
கொஞ்ச நேரம்
அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.