புதன் கிடைத்தது

சீலனுக்கு வார ஓய்வு புதன்.
எனக்குச் சுழற்சி; எந்த நாள் வரும் என்பது
ஆய்வகக் கதவில் ஒட்டிய தாளுக்குத்தான் தெரியும்.
டிசம்பரில் ஒரு வாரம் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்தன.
"பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது, ஓடிடு" என்றாள் ஸ்டெல்லா,
ரத்தக் குழாய்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு.

சிவாஜிநகரில் வாடகைக் கூடாரம்.
பைக்கின் பின்னால் அது, அதன் முன்னால் நான்.
மாகடி ரோடு முழுக்க அவரைக்காய் மூட்டைகள்,
அந்தப் பச்சை மணம் ஹெல்மெட்டுக்குள் புகுந்து
ஏரி வரை இறங்கவில்லை.

வனத்துறை வாசலில் ஒரு பேரேடு.
சனிக்கிழமைப் பக்கம் நிரம்பி, ஓரத்திலும் எழுதியிருந்தார்கள்.
திங்கள், செவ்வாய்க்கு ஒரு குறுக்குக் கோடு.
'வந்த காரணம்' என்ற பத்தியில்
பிறந்தநாள், பிறந்தநாள், ஆபீஸ் டீம், பிறந்தநாள்.
சீலன் பேனாவைக் கடித்தான். பிறகு கன்னடத்தில்
புதவார என்று மட்டும் எழுதினான்.
காவலர் சித்தலிங்கப்பா வாய்விட்டுப் படித்து
அதுவும் காரணம்தான் என்பதுபோல்
சங்கிலியை அவிழ்த்தார்.

பன்னிரண்டு மேடைகள். எதில் வேண்டுமானாலும் என்றார்.
அவ்வளவு சுதந்திரம் பழக்கமில்லை;
கழிப்பறைக்குப் பக்கத்து மேடையைத் தேர்ந்தெடுத்தோம்.
முளை ஒன்று குறைந்தது.
பதினான்காம் நம்பர் ஸ்பேனரை
மண்ணில் அடித்து இறக்கினான்.

புங்கமரத்தில் ஒரு வெள்ளி பலூன், '2' வடிவில், காற்றிறங்கி.
இருபதா, இருபத்தொன்பதா,
மற்ற எண் எங்கே போனதோ.
பட்டமரத்தில் ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்து விரித்துக் காட்டியது,
வாங்காத வாடிக்கையாளரிடம் துணிக்கடைக்காரர்போல.
அக்கரையில் யாரோ இருமினார்.
தண்ணீர் அதை அப்படியே எடுத்துவந்து
எங்கள் காலடியில் வைத்தது.

பேச வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி
ஃபிரிஜ் கதவில் மூன்று மாதமாய் வைத்திருந்தோம்;
போட்டோ எடுத்து வந்திருந்தேன்.
ஒன்று, வீட்டு லீஸ். இரண்டு, அவன் அம்மாவின் முழங்கால்.
மூன்றுக்கு எதிரே சொல் இல்லை, ஒரு கேள்விக்குறி.
யார் போட்டது என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.
லீஸைப் பேசினோம். முழங்காலைப் பேசினோம்.
சப்பாத்தியில் தக்காளித் தொக்கைத் தடவிச் சுருட்டித் தந்தேன்.
பிறகு நாமக்கோழிகளை எண்ணினோம்.
பதினேழு என்றேன். பத்தொன்பது என்றான்.
இருட்டி, எண்ண முடியாமல் போகும்வரை
இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

பதினோரு நாளுக்குப் பிறகு ஒரே இரவில் ஒரே கூரை,
கூரை என்றால் நைலான்.
தூக்கத்தில் அவன் கை என் மணிக்கட்டைப் பற்றியிருந்தது.
மெட்ரோவில் ஒரு கைப்பிடி உண்டு என்று சொல்லியிருக்கிறான்;
ஓட்டுபவர் பிடி தளர்ந்தால் வண்டி தானே நின்றுவிடும்.
கை மரத்துப்போனது. நான் அசையவில்லை.
ஓடட்டும், எந்த ஸ்டேஷனாவது வரட்டும்.

மூன்றரைக்கு அலாரம் இல்லாமல் எழுந்துவிட்டான்.
பனியில் உட்கார்ந்திருந்து, ஐந்து மணிக்கு,
"இப்ப பையப்பனஹள்ளில முதல் வண்டி கிளம்பும்" என்றான்,
வேறு யாரோ ஓட்டும் வண்டியை.
பிறகு ஏரியைப் பார்த்தபடியே,
"அந்தக் கேள்விக்குறி நான் போட்டது."
"தெரியும். புள்ளி வைக்க மறந்திருந்தாய்."
எங்கோ மீன் துள்ளி விழுந்தது.
வட்டம் பெரிதாகிப் பெரிதாகி எங்கள் பக்கம் வந்தது;
கரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

சும்மனஹள்ளி சிக்னலில்தான் அவனுக்கு நினைவு வந்தது.
"ஸ்பேனர்!"
மண்ணிலேயே நிற்கும் அது, தலை மட்டும் வெளியே.
பின்னால் பஸ்காரர் ஹாரனை விடவேயில்லை.
பரவாயில்லை, போ என்றேன்,
இருக்கட்டும் அங்கே.