மூடி மட்டும்

"சூப் கிண்ணத்தின் மூடி. கிண்ணம் இல்லை.
பிடியில் சிறு சில்லு. வேறு குறை இல்லை.
தொடக்க விலை பத்து ஸ்லோட்டி."
படத்தில் அது ஒரு நாளிதழின் மேல் கிடந்தது.
விளிம்பில் அதே நீலக் கோடு,
அதே கோணல் இலை.

என்னிடம் கிண்ணம் இருக்கிறது.
மூடி, மூன்று வருடம் முன்பு ஈஸ்டர் மேசையில் உடைந்தது.
உடைத்தது என் அண்ணன் ரோமுவால்ட்,
பேச்சு வீட்டுப் பங்கைத் தொட்ட நேரம்.
கை தவறியது என்றான்.
ஊர்வாயை மூட உலைமூடி இல்லை;
எங்கள் வீட்டில் சூப்பை மூடவும் இல்லை.
சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து
ஒப்பேற்றி வருகிறேன்.

திங்கள் இரவு இருபது என்று கேட்டேன்.
விரலை எடுக்குமுன் பதில்:
வேறொருவர் உங்களை முந்திவிட்டார்.
இருபத்தைந்து. முந்திவிட்டார்.
முப்பது. முந்திவிட்டார்.
முப்பத்தைந்து கேட்கும்போது காது சிவந்துவிட்டது.
முதலெழுத்து, மூன்று நட்சத்திரம், கடைசி எழுத்து,
அவ்வளவுதான் அந்த ஆளின் பெயர்.
நள்ளிரவு தாண்டியும் கண்கொட்டாமல் உட்கார்ந்து
என்னையே வெறுக்கிறார் என்று நினைத்தேன்.
பல் துலக்கும்போதும் திட்டினேன்.

காலையில் போஸ்னான் டிராம் பணிமனையில்
கெனெக் சிரித்தான்,
பழைய ரேடியோ வாங்கி வாங்கி
மனைவியிடம் வசவும் வாங்குகிறவன்.
"அங்கே யாரும் விழித்திருக்கவில்லை, போகுமிவா.
உன் ஆள் ஒரே ஒரு எண்ணை எழுதிவைத்துவிட்டுத்
தூங்கப் போய்விட்டார்.
இயந்திரம் அதை யாருக்கும் சொல்லாது.
நீ ஏறும்போதெல்லாம் அவருக்காக ஒரு படி ஏறும்,
அதற்குமேல் ஒரு காசு வைக்காது."

ஆக, நான் தட்டிக்கொண்டிருந்தது
தூங்குகிறவர் வீட்டுக் கதவு.
கேட்டேன், கேட்டேன்,
கேட்க அங்கே யாரும் இல்லை.
அவர் கணக்கில் ஐந்து ஐந்தாக
ஏறியதுதான் மிச்சம்.

"நீயும் எழுது," என்றான். "உன் கடைசி எண். ஒரே தடவை.
கடைசி நொடிகளில் எழுது,
உன்னைப் போல் தட்டுகிறவர்களுக்கு நேரம் விடாதே."

கடைசி எண்.
பதினாறாம் எண் வண்டியை ஓட்டிக்கொண்டே தேடினேன்.
வார்தா ஆற்றுப் பாலத்தில் அறுபது என்று பட்டது.
அறுபத்தொன்றுக்குப் போய்விட்டால் வலிக்குமா? வலிக்கும்.
சந்தை நிறுத்தத்தில் எண்பது.
குழந்தை வண்டியோடு ஒருத்தி ஓடிவர
கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன்: தொண்ணூற்றைந்து.
ஒரு ஸ்லோட்டி கூடினாலும் போகட்டும் என்று
மனசாரச் சொல்லக்கூடிய இடம் எங்கே?
இது மூடியின் விலையா,
அன்றைக்கு ரோமுவால்ட் கை தவறவில்லை என்பதன் விலையா
என்று குழம்பி
ஒரு நிறுத்தத்தை அறிவிக்க மறந்தேன்.

வியாழன் இரவு, கடைசி நிறுத்தத்தின் வளைவில்.
வண்டி காலி. பாதி விளக்கு.
ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவ ஆளில்லை,
தட்டச் சுத்தியல் இல்லை,
நொடிகள் மட்டும் இறங்கின.
ஆறு மிச்சமிருக்கையில்
நூற்றுப் பன்னிரண்டரை.

முந்திவிட்டார்.
ஏலம் முடிந்தது: நூற்றுப் பதினைந்து.

அந்த ஆளின் எண் என்னவென்று இனித் தெரியப்போவதில்லை.
நூற்றிருபதோ, ஆயிரமோ.
கொடுப்பது நூற்றுப் பதினைந்துதான்:
என் எண், அதற்குமேல் ஒரு படி.
நான் இல்லாவிட்டால் பத்துக்குப் போயிருக்கும்.
எங்கோ ஒரு கிண்ணம் மூடிக்கொள்ளும்,
அதற்கு விலை வைத்தவள் நான்,
தோற்றவள்.

ஈஸ்டருக்கு அண்ணன் வந்தான்.
தட்டைத் தூக்கினான், ஆவி முகத்தில் அடித்தது.
"இன்னும் மூடி வாங்கவில்லையா?
அப்படி என்ன பெரிய விலை?"

"நூற்றுப் பன்னிரண்டரை," என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
கரண்டியை நீட்டினேன்.