பதினொன்றாவது ஆணி

ஓவியன் யாழுக்கு முதுகு வரையவில்லை.
அரசன் மடியில் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது,
ஒரு ரொட்டித் துண்டின் அளவு.
அதிலிருந்து இடுப்புயரக் கருவியொன்றை
நான் எடுத்தாக வேண்டும்.

பகலில் ஓலோமௌட்ஸ் நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
இரவில் அடுக்ககத்தின் துணி உலர்த்தும் அறை என் பட்டறை.
யார் யாருடையதோ ஈரப் போர்வைகளுக்கு நடுவே
பேரிமரம் சீவுகிறேன்.
மூன்றாம் மாடித் திருமதி ஹவ்ரான்கோவா
தலையணை உறையெல்லாம் மரத்தூள் என்று
கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறாள்,
இரண்டு ஆச்சரியக்குறிகளோடு.

எண்ணிப் பார்த்தேன். மேலே ஆணி பதினொன்று.
கீழே நரம்பு பத்து.
துறவிக்குக் கணக்கு வராது என்றான்
கணக்கு எழுதிப் பிழைக்கும் என் கணவன் ராடிம்.
பசியாக இருந்திருக்கும், விரல் விறைத்திருக்கும்,
விடு, பத்தே வை.
பத்துக்குத்தான் துளையிட்டேன்.

பிப்ரவரியில் பத்தர் பிளந்தது.
ஏழாவது ஆட்டுக்குடல் நரம்பை முறுக்கும்போது
யாரோ விரல் சொடுக்கினாற்போல ஒரு சத்தம்,
அவ்வளவுதான், நான்கு மாதம்.

நூலகத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள்.
பேனா கூடாது. பென்சில் மட்டும்.
பூதக்கண்ணாடிக்கு அடியில்
அரசனின் தாடி நீலம்.
ஓரத்தில் ஒரு முயல் நாயைத் துரத்துகிறது.
யாழின் கழுத்திலிருந்து கொடியொன்று சுருண்டு இறங்குகிறது
பக்கமெங்கும் படர்கிற மற்றக் கொடிகளைப் போலவே.
ஆனால் அவற்றில் இலை உண்டு.
இதில் இல்லை.
அவை பச்சை.
இது நரம்பின் நிறம்.

பதினொன்றாவது ஆணியிலிருந்து
அறுந்து தொங்குகிறது.

அப்படியானால் அவன் எதிரே மெய்யாகவே ஒரு யாழ் இருந்தது.
யாரோ வாசித்தார்கள், தெறித்தது,
மாற்று நரம்பு கைவசம் இல்லை,
அடுத்த ஆடு வெட்ட நாளிருந்தது.
வேதத்து அரசன் கையில் கொடுக்கும்போதுகூட
அவன் அதை ஒட்டித் தரவில்லை.

மறுநாள் சந்தைத் திருப்பத்தில் மணியடிக்க மறந்தேன்.
ஒரு சைக்கிள்காரன் திட்டினான், நியாயமாகத்தான்.

புதிய பத்தர். தடித்த பலகை.
பதினொன்றாவது துளைக்கு இடம் நெருக்கம்,
துரப்பணம் சறுக்கிக் கழுத்தில் ஒரு கீறல்,
மெழுகு பூசியும் தெரிகிறது.
சனிக்கிழமை இரவு நரம்பெல்லாம் ஏற்றி,
காலுறைகள் தொங்கும் கயிற்றுக்கு அடியில் உட்கார்ந்து,
வாசிக்கத் தெரியாமல் வாசித்தேன்.

காலையில் கதவில் புதுச் சீட்டு.
மரத்தூளைப் பற்றி ஒரு சொல் இல்லை.
கடைசி நரம்பு சுருதி இறங்கியிருக்கிறது.
ஆச்சரியக்குறி ஒன்றுதான்.

இறங்கித்தான் இருந்தது.