ஸ்டீயரிங் இல்லாத பக்கம்

ரெயூனியனிலிருந்து கப்பலில் வந்த ரெனோ.
அங்கே எல்லோரும் வலப்பக்கம் போகிறவர்கள்,
அதனால் ஸ்டீயரிங் இடப்பக்கம்.
இங்கே மொரீஷியஸில் நாங்கள் இடப்பக்கம் போகிறவர்கள்.
வாங்கும்போது மருதமுத்துவுக்கு
விலை மட்டும்தான் கண்ணில் பட்டது.

பதினோரு வருடமாக
டிரைவர் உட்கார வேண்டிய இடத்தில்
நான் உட்கார்ந்திருக்கிறேன்,
மடியில் கைப்பை,
சந்தை நாளென்றால் ஒரு பூசணிக்காய்.

எதிரே வரும் பஸ்காரர்கள்
எனக்குத்தான் கை காட்டுவார்கள். நானும் காட்டுவேன்.
குவாத்ர் போர்னில் ஒரு போலீஸ்காரர்
நேராக என் பக்கம் வந்து லைசென்ஸ் கேட்டார்.
இந்த வண்டியில் கண்ணாடி இறங்காது, தள்ளத்தான் வேண்டும்.
தள்ளித் திறந்து
பூசணிக்காயைக் காட்டினேன்.

சௌகரியமெல்லாம் அவருக்கு.
தால்பூரிக்காரர் ஓரமாக நின்றால்
இறங்காமலே கை நீட்டி வாங்கிக்கொள்வார்,
மிளகாய்ச் சட்னி கூடுதலாகக் கேட்டு.
அவர் கதவு நடைபாதைக்குத் திறக்கும்.
என் கதவு பஸ்ஸுக்குத் திறக்கும்.
காவடி அன்றும், நாத்தனார் மகள் கல்யாணத்தன்றும்
பட்டுப் புடவையை அள்ளிக்கொண்டு
சீட்டில் நகர்ந்து நகர்ந்து
அவர் கதவு வழியாகத்தான் இறங்கினேன்.

ஆனால் முந்துவது என் வேலை.
லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்
அவருக்குத் தெரிவது லாரியின் முதுகு மட்டும்.
சாலையின் நடுக்கோடு என் காலடியில் ஓடுகிறது.
கழுத்தை நீட்டிப் பார்த்து
நான் "அலே" என்று சொல்ல வேண்டும்.
சொன்னதும் மிதிப்பார்.
நிச்சயமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.
குழம்பில் உப்பு குறைவென்று மூன்று முறை சொல்கிற மனிதர்,
நான் கூட்டிய கணக்கை
மறுபடி முதலிலிருந்து கூட்டிப் பார்க்கிற மனிதர்,
என் ஒரு கிரியோல் சொல்லுக்கு
எதிர்ப்பாதைக்குள் உயிரைக் கொண்டுபோய் நீட்டுவார்.

இன்று மஹேபூருக்குப் போகிறோம்.
பழைய கார்கள் சேர்க்கிற ஒருவர்
பணத்தோடு காத்திருக்கிறார்.
அடுத்த வாரம் ஜப்பான் வண்டி வருகிறது;
பழசுதான், ஆனால் ஸ்டீயரிங் உரிய இடத்தில்.
இனி நான் இடப்பக்கம்.
சாக்கடை தெரியும், நாய்கள் தெரியும்,
வேலியில் காயும் யார் யாருடைய துணிகளோ தெரியும்.

ரோஸ் பெல் தாண்டியதும் கரும்பு லாரி.
வெட்டுக் காலம்.
சோகை பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டுகிறது,
வைப்பர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு
இப்படியும் அப்படியும் அலைகிறது.

"பார்" என்கிறார் மருதமுத்து.

பார்க்கிறேன்.
தார் மேல் வெயில் நெளிகிறது.
தூரத்தில் மலை. அதுவரை
ஒரு சைக்கிள்கூட இல்லை.

"வேணாம். லாரி வருது."

குடைப்பிடி போன்ற அந்தக் கியரை
உள்ளே தள்ளி, வெளியே இழுத்து
இரண்டாவதுக்கு இறங்குகிறார்.
மாட்டு வண்டி வேகம்.
மாதா சிலை ஒன்று கடந்து போகிறது.
ஒரு பள்ளிக்கூடம், பூட்டிய சீனக் கடை.
நான் சொன்ன லாரி மட்டும்
இன்னும் எங்களைக் கடக்கவில்லை.

அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
எதிரே வருகிற எதுவும்
கடைசியில் என் ஜன்னலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

தொண்டையைச் செருமுகிறார்.
"இன்னும் வருதா?"

"வருது."

"சரி" என்கிறார்.
வைப்பரை நிறுத்திவிட்டு
சோகையை அப்படியே விடுகிறார்.