இருபத்து மூன்றாம் கூண்டு

வால்திவியாவில் மழை
ஜன்னலை விட்டு நகர்வதாயில்லை.
ஆற்றோரச் சந்தையில் மீன் தலைக்குக் காத்திருக்கும்
கடற்சிங்கங்களின் இருமல்
மூன்றாம் மாடி வரை கேட்கிறது.

போத்தல்களை நிரப்புகிறேன்.
சிலவற்றில் நீல நாடா, சிலவற்றில் பச்சை.
நிறமில்லை, மணமில்லை, எல்லாம் தண்ணீர்.
ஒரு நாடாவுக்கு மட்டும்
ரொட்டியில் பூஞ்சை ஏறாமல் காக்கும் உப்பு.
எதற்கு என்பது
முனைவர் ஃப்ரேசியா மில்யபானின் இழுப்பறையில்
ஒட்டிய உறைக்குள்.
தெரிந்தால் என் கண் பொய் சொல்லுமாம்.

எலியை வெள்ளைப் பெட்டியில் இறக்குவேன்.
ஒரு மூலையில், வலைக்குப் பின்னால், அறியாத எலி.
மறு மூலையில் சிவப்பு மரக்கட்டை.
பத்து நிமிடம்.
மூக்கு எங்கே, எத்தனை நொடி:
என் உத்தியோகம் அவ்வளவுதான்.

பலரும் அந்நியனிடம் ஓடினார்கள்,
மீசையோடு மீசை வைத்தார்கள்.
(ஓடின, வைத்தன. படிவத்தில் அப்படித்தான் எழுதினேன்.)

இருபத்து மூன்று மட்டும்
கட்டையடியில் போய் உட்காரும்.
கடிக்காது.
ஒரு முன்காலை அதன்மேல் வைத்தபடி
மழையைக் கேட்கும்.
நீல நாடா.

அன்றே தீர்ப்பெழுதிவிட்டேன்.
பாக்கெட் ரொட்டி என் வாசல் ஏறவில்லை.
மகள் ஐலினின் பள்ளிப் பையில்
மாலைக்குள் கல்லாகும் அடுப்பு ரொட்டி.
"அப்பா, இதால ஆணி அடிக்கலாம்" என்றாள்.

ஜூலையில்
நிலக்கடலை அளவு மூளைகள் பனிக்கட்டியில் வந்தன.
அரைத்தோம், வடித்தோம், இயந்திரத்துக்குள் விட்டோம்.
திரையில் டோபமைன் ஒரு சிகரம்,
செரோட்டோனின் ஒன்று,
இடையில் பேர் தெரியாத குன்றுகள்.
ஓடியதும் ஒதுங்கியதும்
வெறும் மலைக்கோடு.

உறையைக் கிழித்தாள் ஃப்ரேசியா.
பச்சைதான் உப்பு.

பச்சை:
விடிய விடியச் சக்கரம் சுற்றியவை,
அந்நியனை விட்டு நகராதவை,
என் கையெழுத்தில் 'நலம்' என்று போனவை.
சிகரம் சரிந்திருந்தது அவற்றிடம்தான்.
இருபத்து மூன்று குடித்தது வெறும் குழாய்த் தண்ணீர்.
அதற்குக் கட்டையைப் பிடித்திருந்தது,
வேறென்ன.

"முப்பது எலி பத்தாது" என்றாள் அவள்,
"மறுபடி முதலிலிருந்து."

ஐலினிடம் இன்னும் சொல்லவில்லை.
கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பொடியெழுத்தை வாசித்துவிட்டு
திரும்பவும் அடுக்கில் வைத்தேன்.
மறுநாளும் வைத்தேன்.

அடுத்த எலிக்கு முந்தியதன் வாடை கூடாது என்பது விதி.
சிவப்புக் கட்டையைச் சாராயத்தில் துடைக்கிறேன்.
ஒரு முனையில் மட்டும்,
ஒரு கால் வைக்கும் அகலத்துக்கு,
சாயம் தேய்ந்திருக்கிறது.
இதைக் குறிக்கப்
படிவத்தில் கட்டமில்லை.