தண்ணி தெளிக்கும் முன்

சுவிட்சைப் போட்டதிலிருந்து
முந்நூற்றுப் பன்னிரண்டு நொடி.
கீரணத்தம் ஆய்வுக்கூடத்தில்
அலமாரி உயரத்துக்கு நிற்கிற ஒரு யந்திரம்
கண் விழிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்.
அதற்குள் நான்
கீழே போய் டீ குடித்து
சில்லறைக்குச் சண்டை போட்டு
மேலே வந்துவிடலாம்.
வந்திருக்கிறேன்.

எட்டுக் கணு அதற்கு.
கணுவுக்கு ஐம்பத்தாறு கோர்,
பக்கத்திலேயே சொந்த நினைவகம்.
கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில்
இட்டேரி மாதிரி ஒடுங்கிய தடம்.
விழிக்கும்போது பிறக்கிற இழைகளோ
(திருப்பூருக்கு ஆகாத இழை,
இதில் பனியன் வராது)
அத்தனையும் பூச்சியம் எண் கணுவில் பிறந்து
அங்கேயே வரிசை கட்டி நிற்கின்றன.

வரைபடத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன்.
ஒரு பட்டை தார் ஊற்றியதுபோல் கறுப்பு.
ஏழு பட்டை வெறும் தாள்.
"ஏழும் பொட்டாட்டம் உக்காந்திருக்குது"
என்றான் தாரகேஸ்வரன்.
"அதுகளை யாரும் கூப்பிடலை" என்றேன்.

சமன் செய்கிறவன் ஒருவன் உள்ளே உண்டு.
கூட்டம் சேர்ந்து நெடுநேரம் கழித்துத்தான் வருவான்.
அதுவரை நிற்கிற இழை
பிறந்த கணக்கில் உண்டு,
ஓடிய கணக்கில் இல்லை.

ஆவணியில் அன்னூரில் ஒரு கல்யாணம்.
கீழ்ப் பந்தியில்
சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால்
ஒறம்பரை முழுக்கக் கைப்பையோடு காவல்.
மாடியில் இன்னொரு கூடம்,
இலை போட்டு, விசிறி சுற்றி, ஆளில்லாமல்.
பெண்ணின் சித்தப்பா வேர்த்து ஓடிவந்து
உட்கார்ந்தவர்களை எழுப்பப் பார்த்தார்:
"மேல காலியா இருக்குதுங், வாங்."
பச்சைப் பட்டுக்கார அம்மா அசையவில்லை.
"தண்ணி தெளிச்சாச்சு,
சந்தகையும் விழுந்தாச்சு,
இலையைத் தூக்கிக்கிட்டா
படியேறச் சொல்றீங்?"

வரிசையை விட்டு விலகி
செல்போனில் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டேன்.
முதல் தொடலுக்கு முன்.

ஓர் இழை நினைவகத்தை எங்கே நின்று
முதலில் தொடுகிறதோ
அங்கேதான் அதற்கு இலை விழுகிறது.
அப்புறம் நகர்த்தினால்
ஒவ்வொரு கவளத்துக்கும் இட்டேரி நடை.
கேட்பதென்றால் வாசலிலேயே கேட்கவேண்டும்,
எங்கே இடம் என்று.

திங்கட்கிழமை எழுதினேன்.
செவ்வாய்க்கிழமை நானூற்று ஐந்து நொடி.
கூடியிருந்தது.
தாரகேஸ்வரன் சிரிக்காமலிருக்க
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

புதன் முழுக்கத் தடயங்களைப் பிரித்தேன்.
வாசலில் நான் நிறுத்திய ஆள் நல்லவன்தான்.
காலி எது என்று பார்க்கிறான்,
மூன்று, போ என்கிறான்.
போனவள் படியில் இருக்கும்போதே
அடுத்தவளுக்கும் பார்க்கிறான்.
இன்னும் மூன்றுதான் காலி.
அதற்கடுத்தவளுக்கும் மூன்று.
மாடிப்படி முழுக்கப் பட்டுச்சேலை.

அனுப்பியதை அந்தக் கணமே
வந்ததாக எழுது.
அவ்வளவுதான் விசயம்.
பதினொரு வரி, அதில் இரண்டு குறிப்புரை.

தொண்ணூற்று நான்கு நொடி.

நம்பாமல் ஆறு தரம் அணைத்துப் போட்டோம்.
தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு.

மேலாளர் பத்மலோசனி கேட்டார்,
"வாங்கினவங்க இதை வருசத்துக்கு
எத்தனை தரம் எழுப்புவாங்க?"
"ரெண்டு."
மனசுக்குள் பெருக்கிப் பார்த்து,
"அப்ப வருசத்துக்கு ஏழு நிமிசம்."
"ஏழேகால்" என்று திருத்தினேன்.

பழைய தாளுக்குப் பக்கத்தில் புதுத் தாள்.
எட்டுப் பட்டையும் ஒரே சாம்பல்.
கறுப்பும் இல்லை, வெறுமையும் இல்லை.
ஆறாவதில் மட்டும்,
அறுபத்திரண்டாம் நொடிக்குச் சற்றுத் தள்ளி,
நகம் கீறிய அளவு வெள்ளை.
அங்கே யாரோ ஒருத்தி
கைப்பையோடு இன்னும் நிற்கிறாள்.

அணைத்தேன். போட்டேன்.
இந்தத் தடவை டீக்குப் போகவில்லை.
போய்வர நேரமும் இல்லை.