தீர்மானம் எண் ஆறு

வாங்கியது நான்கு கணக்கு.
கேட்டு வந்த கடிதம் பதினொன்று.
செயலாளர் என்பதால்
பதினொன்றையும் நான்தான் வாசித்தேன்,
மின்விசிறியின் கிறீச்சுக்கும்
எண்ணூர் சாலைக் கன்டெய்னர் லாரிகள்
பிரேக் விடும் மூச்சுக்கும் நடுவே.

ஆயருக்கு ஒன்று. அதில் பேச்சில்லை.
ஞாயிறு பள்ளிக்கு ஒன்று.
சாராள் ரத்னபாய் டீச்சர் உட்கார்ந்திருந்த விதத்தால்
அதிலும் பேச்சில்லை.
மீதி இரண்டில் தொடங்கியது சண்டை.

"கணக்கு எழுதுறவனுக்கே கணக்கு இல்லையா?"
என்றார் பொருளாளர் யாபேஸ்.
சிலேடை விழுந்தது அவருக்கே தெரியவில்லை.
நான் சிரித்துவிட்டேன்,
அது தப்பாகப் போயிற்று.

கொரோனா காலத்தில் பாட்டே திரையில்தானே பழகினோம்
என்றார் பாடகர் குழுவின் ஹெர்பர்ட் துரைசிங்.
பழகினோம்.
தண்டையார்பேட்டையில் பல்லவி முடிகிறபோது
மணலியில் அது தொடங்கும்.
திருவொற்றியூர்ப் பெண்கள் ஆமென் சொல்ல வருகையில்
மற்றவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள்.

சரி, தகுதி வைப்போம் என்று
தாளில் கட்டம் போட்டோம்.
மாதம் எத்தனை கூட்டம்,
எத்தனை பேர் சேர்வார்கள்,
எத்தனை ஆண்டு ஊழியம்.
கடைசிக் கட்டத்தில் எல்லோருமே
ஓரிரண்டு ஆண்டு கூட்டிப் போட்டுக்கொண்டோம்.
நானும்தான்.

பெர்சிஸின் கடிதம் அடியில் கிடந்தது.
மளிகை பில்லின் பின்பக்கம், நீல மசி.
"கல்லறைப் பதிவேடு எழுதி வருகிறேன்.
இலவசமாகக் கிடைப்பது நாற்பது நிமிடத்தில் நின்றுவிடுகிறது.
மண் போடுவதற்குள் நின்றுவிடுகிறது.
முடிந்தால் பார்க்கவும்."

பதிவேடு எழுத எதற்கு வீடியோ?
யாபேஸ் கேட்டது நியாயமாகவே இருந்தது.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
துவரம்பருப்பு அரைக் கிலோ,
புளி கால்.

பதில் டீ தம்ளர்களின் பக்கமிருந்து வந்தது.
கோயில்பிள்ளை ஆசீர்.
குழுவில் அவருக்கு வாக்கு கிடையாது,
பேசியும் யாரும் பார்த்ததில்லை.
"கப்பல்ல இருக்கற புள்ளைங்களுக்கு சார்.
தோஹா, மஸ்கட்டுனு இருக்குதுங்களே, அதுங்களுக்கு.
அப்பன் செத்தாலும் லீவு குடுக்க மாட்டானுங்க.
இந்தம்மா போனைத் தூக்கிப் புடிச்சுக்கினு நிக்கும்,
பெட்டி மூடறதுலேர்ந்து.
குழியில எறக்கற நேரம் பாத்து அது நின்னுடும்.
மறுபடி லிங்க் அனுப்பி
அதுங்க உள்ள வர்றதுக்குள்ள
மூடிடுவோம்.
நானும் மண்வெட்டிய மெதுவாத்தான் போடுவேன்.
எவ்ளோ மெதுவா சார் போட முடியும்?"

எத்தனை பேருக்கு இப்படி ஆனது
என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஹெர்பர்ட் தன் கடிதத்தை எடுத்து
மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
பெருந்தன்மை என்று எழுதிவிட முடியாது,
இரண்டு ஞாயிறு அவர் என்னிடம் பேசவில்லை.
நான்காவது யாபேஸுக்குப் போனது,
அவர் விடவில்லை.
தீர்மானம் ஆறு:
பெர்சிஸ், கல்லறைப் பதிவேடு, வழங்கலாம்.
பயன்பாட்டை மாதந்தோறும் சரிபார்க்கவும்,
இது யாபேஸ் சேர்க்கச் சொன்ன வரி.

அடுத்த புதன், காசிமேட்டுக் கல்லறை.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய எசேக்கியேல்.
மகன் பெர்சிஸின் கைக்குள் இருந்தான்,
தலையில் மஞ்சள் ஹெல்மெட்,
முதுகுக்குப் பின்னே குழாய்கள்.
தூறல் விழுந்தது.
சேலைத் தலைப்பால் போனுக்கு மட்டும் கூரை பிடித்திருந்தாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
முப்பத்தொன்பது.
அவள் கட்டைவிரல்
பழைய பழக்கத்தில் லிங்கைத் தேடி நகர்ந்தது.
நாற்பது.
நாற்பத்தொன்று.
ஹெல்மெட் அங்கேயே இருந்தது.

ஆசீர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.
பெர்சிஸ் தலையசைத்தாள்.
அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு
மண்வெட்டியை
மற்றவர்கள் போடுகிற வேகத்தில்
போட ஆரம்பித்தார்.